மீன் தீவனத்தை மோந்து பாருங்கள்

வண்ணமீன் வளர்க்கும் வீடுகளில் தீவன டப்பா பெரும்பாலும் தொட்டியின் மூடிமேல்தான் உட்கார்ந்திருக்கும். எடுத்துப் போட வசதிதான். ஆனால் விளக்கின் சூடும் தண்ணீரின் ஆவியும் ஒன்றுசேரும் அந்த இடத்தைவிடத் தீவனத்துக்குக் கெடுதலான இடம் வீட்டில் வேறில்லை.

உலர்ந்த பொருள் எப்படிக் கெடும்? அதிலுள்ள மீன் எண்ணெய்தான் முதல் காரணம். அதன் ஒமேகா-3 கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எளிதில் சேர்ந்து காறிப்போகும். சூடு பட்டால் இன்னும் சீக்கிரம். இதைக் கண்டுபிடிக்க மூக்கே போதும். நல்ல தீவனத்தில் கருவாட்டு வாடை அடிக்கும். கெட்டதில், பலகாரம் சுட்டு மிஞ்சிப்போய் மாதக்கணக்கில் கிடந்த எண்ணெயின் சிக்கு வாடை வரும். அடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். செதில் தீவனம் மொறுமொறுவென்று நொறுங்க வேண்டும். துவண்டு வளைந்தாலோ குருணை கட்டிதட்டியிருந்தாலோ ஈரம் ஏறிவிட்டது என்று பொருள்.

மூக்குக்கும் விரலுக்கும் அகப்படாத இழப்பு ஒன்று உண்டு: வைட்டமின் சி. பெரும்பாலான மீன்களால் இதை உடலில் தயாரித்துக்கொள்ள முடியாது. தீவனத்திலோ இதுதான் முதலில் அழியும் சத்துகளில் ஒன்று. இது குறைந்தால் வளரும் மீனின் முதுகெலும்பு கோணிப்போகும். டப்பாவில் அச்சிட்ட காலாவதித் தேதி பிரிக்காத டப்பாவுக்குத்தான். பிரித்த தேதியை நீங்களே எழுதி ஒட்டி, இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுவது நல்லது. பெரிய டப்பா விலை மலிவென்று வாங்குவது வீண் சிக்கனம். கடைகளில் பாலித்தீன் கவரில் கட்டித் தரும் லூஸ் தீவனத்தை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது எப்போது பிரித்த மூட்டை என்று யாருக்குத் தெரியும்?

பத்து நாளுக்கு வேண்டியதைச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு, மீதியை இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்த கையோடு மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த தீவனத்தின்மேல் காற்றின் ஈரம் நீராகப் படிந்துவிடும். டப்பா அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பூசணம். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளடாக்சின் என்ற நஞ்சுதான் காரணம். அதே நஞ்சு அமெரிக்கப் பண்ணைகளில் ட்ரௌட் மீன்களுக்கு ஈரல் புற்றுநோய் கொண்டுவந்தது. வெயிலில் காயவைத்தாலும் அடுப்பில் வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. ஆகவே பூசணம் பட்ட தீவனத்தைத் தட்டி உதறி மீனுக்குப் போடாதீர்கள். வீணாகிறதே என்று கோழிக்கும் போட்டுவிடாதீர்கள்.