‘ஐ5’ ஸ்டிக்கர் மட்டும் போதுமா? காலேஜ் லேப்டாப் வாங்கும் திருப்பூர் பெற்றோர் கவனத்துக்கு!

பிளஸ் டூ ரிசல்ட், கவுன்சலிங், அட்மிஷன் ஃபீஸ், பஸ் பாஸ் என்று வரிசையாகப் பணம் கரைந்த பிறகு, கடைசியாக வந்து நிற்கிறது அந்தக் கேள்வி: ‘லேப்டாப் எப்போப்பா வாங்கித் தருவீங்க?’ மாதச் சம்பள வீட்டிலேயே யோசிக்க வைக்கும் கேள்வி இது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கூலி வாங்கும் திருப்பூர் பனியன் தொழிலாளி வீட்டில், 45,000 ரூபாய் என்றால் எத்தனை ஒன்றரை ஷிப்ட் என்று கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல முடியும். ஆர்டர் இல்லாத வாரங்களில் அந்த ஒன்றரை ஷிப்ட்டும் கிடையாது.

துணியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தே ஜி.எஸ்.எம். சொல்லிவிடுகிற ஊர் இது. காதர்பேட்டையில் செகண்ட்ஸ் பீஸ் எடுத்தால், வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்க மாட்டார்கள். ஆனால், அதே ஆட்கள் கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்ததும் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பிவிடுகிறார்கள். துணிக்குச் செய்யும் சோதனையை லேப்டாப்புக்கும் செய்ய முடியும். அதற்குக் கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை.

முதல் விசாரணை கடையில் அல்ல!

கடைக்குப் போவதற்கு முன்பு கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதாவால் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு லேப்டாப் போய்ச் சேர்ந்தது. நடுவில் நின்றுபோன அந்த வழக்கம், கல்லூரி மாணவர்களுக்காக மீண்டும் வந்தது. 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவிக்கப்பட்டு, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2026 ஜனவரி 5-ல் ‘உலகம் உங்கள் கையில்’ என்ற பெயரில் விநியோகமும் தொடங்கியது.

சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியிலோ சேரும் பிள்ளைக்கு, கடன் வாங்கி லேப்டாப் எடுத்த சில மாதங்களில் அரசு லேப்டாப்பும் கைக்கு வந்தால் எப்படி இருக்கும்? உங்கள் பிள்ளையின் கோர்ஸுக்கு, எந்த ஆண்டில், எப்போது என்று விசாரித்துக்கொண்டு அப்புறம் முடிவெடுங்கள்.

தனியார் சுயநிதிக் கல்லூரியில் படிப்பவர்களுக்கும் இந்தத் திட்டத்தில் ஒரு பயன் இருக்கிறது. அரசு கொடுத்த லேப்டாப்பில் இருப்பது இன்டெல் ஐ3 அல்லது ஏ.எம்.டி. ரைசன் 3 பிராசஸர், 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இதையே குறைந்தபட்ச அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இதற்குக் கீழே 4 ஜி.பி. ரேம், ‘செலரான்’ பிராசஸர், 64 ஜி.பி. இ.எம்.எம்.சி. ஸ்டோரேஜ் என்று 20,000 ரூபாய்ச் சுமாருக்கு ஆஃபர் வந்தால், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் அது மூச்சுத் திணறும்.

என்ன படிப்பு?

பி.காம். படிக்கும் பிள்ளைக்கு டேலியும் எக்செல்லும் ஓடினால் போதும். இரண்டுக்கும் பெரிய பிராசஸர் வேண்டாம். டேலி விண்டோஸில் ஓடுவது என்பதால் குரோம்புக் சரிப்படாது. டேலி பிரைமை லைசென்ஸ் வாங்காமலே ‘எஜுகேஷனல் மோடு’-ல் பழகலாம். மாதத்தின் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும்தான் வவுச்சர் போட முடியும். படிப்பதற்கு அதுவே தாராளம்.

பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் 8 ஜி.பி. ரேமில் தொடங்கலாம். பைத்தான், ஜாவா எல்லாம் ஓடும். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கட்டம் வரும்போது 16 ஜி.பி. தேவைப்படும். அதனால், பின்னால் ரேம் சேர்க்க ஸ்லாட் இருக்கிறதா என்பதை இப்போதே கேட்டு வாங்க வேண்டும். மெலிதான மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். அவற்றில் வாங்கிய அன்று என்னவோ, கடைசிவரை அதுதான். மெமரி சிப் விலை 2025 கடைசியில் இருந்து ஏறிக்கொண்டிருந்த கதை தெரிந்தவர்கள், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விடாமல் முடிந்தால் முதலிலேயே 16 ஜி.பி. எடுத்துவிடுவார்கள்.

இன்ஜினீயரிங் மாணவர்கள்தான் அதிகம் அவசரப்படுகிறார்கள். அட்மிஷன் போட்ட வாரமே கிராபிக்ஸ் கார்டு வைத்த கேமிங் லேப்டாப் வேண்டும் என்று நச்சரிப்பு ஆரம்பித்துவிடும். சாலிட்வொர்க்ஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் கனமானவைதான், விண்டோஸும் கட்டாயம். ஆனால், அவை வரும் செமஸ்டர் வேறு. கல்லூரியில் லேப் இருக்கிறது. வகுப்பு தொடங்கி ஒரு மாதம் பொறுத்து, சீனியர்களிடமும் துறைப் பேராசிரியரிடமும் கேட்டு வாங்கினால் பத்து, இருபதாயிரம் மிச்சமாக வாய்ப்புண்டு. ஆட்டோகேட் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கிறது.

நிட்வேர் டிசைன், ஃபேஷன் படிப்பவர்கள் கதை வேறு. முதலிபாளையத்தில் நிஃப்ட்-டீ கல்லூரி இருப்பதால் இந்த ஊரில் அப்படிப்பட்டவர்கள் நிறைய. இவர்களுக்கு ஸ்கிரீன்தான் முதல் செலவு. விலை குறைந்த லேப்டாப்களின் விவரப் பட்டியலில் ‘45% என்.டி.எஸ்.சி.’ என்று இருக்கும். நிறங்களில் பாதியைத்தான் அது ஒழுங்காகக் காட்டும் என்று புரிந்துகொள்ளலாம். சாயப்பட்டறையில் லேப்-டிப் ஷேடு கொஞ்சம் மாறினாலே பையர் திருப்பி அனுப்புகிற ஊரில், வெளுத்துப்போன ஸ்கிரீனில் கலர் பழகி என்ன பிரயோஜனம்? ‘100% எஸ்.ஆர்.ஜி.பி.’ என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். குளோ 3டி போன்ற சாஃப்ட்வேர் வேண்டும் என்று கல்லூரியே சொன்னால் மட்டும் கிராபிக்ஸ் கார்டு.

ஐ5-ஐ ஐ3 ஜெயிக்கும்!

இனி ஸ்டிக்கர் விஷயம். ஐ5 என்றால் உசத்தி, ஐ3 என்றால் மட்டம் என்ற எண்ணம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அதற்குப் பின்னால் வரும் எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். ‘ஐ5-7200யூ’ என்றால் ஏழாம் தலைமுறை, 2016-ல் வந்தது, இரண்டு கோர். ‘ஐ3-1215யூ’ என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது, ஆறு கோர். இந்த ஐ3 அந்த ஐ5-ஐ சுலபமாக முந்திவிடும்.

ரைசனில் தந்திரம் இன்னும் நுணுக்கமானது. ‘ரைசன் 5 7520யூ’, ‘ரைசன் 5 7530யூ’ என்ற இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் இந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் டிசைனின் வயதைச் சொல்கிறது. 2 என்றால் 2019-ல் அறிமுகமான பழைய டிசைன், 3 என்றால் அதற்கு அடுத்தது. 7520யூ-வில் ரேமையும் பின்னால் கூட்ட முடியாது. பழசை மடித்துப் புது பாலிபேக்கில் போட்டு விற்பது பனியனில் மட்டுமா நடக்கிறது!

செகண்ட்ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமாக. பெரிய கம்பெனிகள் மூன்று, நான்கு ஆண்டுகள் உபயோகித்துக் கழிக்கும் திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வகைகள் உறுதியானவை. ஸ்பேர் கிடைக்கும், ரேம் மாற்றலாம். புது லேப்டாப்பின் பாதி விலைக்கு நல்ல மெஷின் அமையும். ஆனால் ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது அதன் விதி. எனவே ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷினை எவ்வளவு பளபளவென்று துடைத்து வைத்திருந்தாலும் தொடாதீர்கள்.

கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கிறது. புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்ற இரண்டு எண்ணும் அதில் வரும். இரண்டாவது எண் முதலாவதில் பாதிதான் என்றால், பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கீபோர்டு, யு.எஸ்.பி., கேமரா, மூடித் திறக்கும் கீல் எல்லாவற்றையும் அங்கேயே சோதித்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

வட்டியில்லாத தவணை?

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ போர்டு தொங்காத கடை இல்லை. ஆனால், ஜீரோ வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கமாகக் கொடுத்தால் 42,000, தவணையில் 45,000 என்றால் அந்த 3,000 தான் வட்டி, பெயர் மட்டும் வேறு. அதனால் கடைக்காரரிடம் முதல் கேள்வி ரொக்க விலை பற்றியதாக இருக்கட்டும். பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். கிரெடிட் கார்டு தவணையில் வட்டிக்கு மேல் 18 சதவிகித ஜி.எஸ்.டி.யும் சேரும்.

கல்விக் கடன் எடுக்கும் வீடுகள் பலவும் கவனிக்காத ஒன்று: படிப்பை முடிக்கக் கம்ப்யூட்டர் அவசியம் என்றால், நியாயமான விலைக்குள் அதையும் கல்விக் கடனில் சேர்க்க வங்கிகளின் மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. கடன் மனுவோடு கொட்டேஷனையும் வைத்துக் கேட்க வேண்டும். கடன் சாங்ஷன் ஆன பிறகு கேட்டால் அலைச்சல்தான்.

சொந்தமாக ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கும் அப்பாக்களுக்கு இன்னொரு ஆசை வரும். கம்பெனி ஜி.எஸ்.டி. எண்ணில் பில் போட்டு 18 சதவிகித வரியைத் திரும்ப எடுத்துவிடலாமே என்று. சொந்த உபயோகத்துக்கான பொருளுக்கு இன்புட் கிரெடிட் கிடையாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பில் பிள்ளையின் பெயரிலோ உங்கள் பெயரிலோ இருக்கட்டும். சீரியல் நம்பர் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், வாரண்டிக்கு அதுதான் சாட்சி.

நிட்டிங் யூனிட்டுக்கு மேலேயோ பக்கத்திலேயோ வீடு இருந்தால், பஞ்சு பறந்து லேப்டாப் ஃபேனுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். மெத்தை மேலோ, பனியன் கட்டு மேலோ வைத்து ஓட்ட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸில் கொடுத்து ஊதி எடுத்துவிடுங்கள். வாரண்டிக்குள் இருந்தால், பின்மூடியை வெளியாள் கழற்றலாமா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.