பழைய தோல் ஜாக்கெட்டுக்கு எண்ணெய் தேய்க்கலாமா?

'டாப் கன்' (1986) படத்துல டாம் க்ரூஸ் போட்டிருக்கிறது அமெரிக்கக் கடற்படையோட ஜி-1 ஜாக்கெட். அதுக்கு ஒரு அண்ணன் உண்டு, பேரு ஏ-2. அமெரிக்க ராணுவ விமானப் பிரிவு 1931-ல் அதை ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் குதிரைத்தோல், முன்னாடி ஒரு ஜிப், மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளிப் பின்னல். இரண்டாம் உலகப்போர்ல இங்கிலாந்திலிருந்து பி-17 குண்டுவீச்சு விமானத்துல பறந்த பசங்க, பல பேருக்கு நம்ம வயசுதான், ஜாக்கெட் முதுகுல விமானத்தோட பேரை பெயின்ட்ல எழுதி, ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குட்டிக் குண்டு வரைஞ்சுக்கிட்டாங்க. 1943-ல் அவங்களுக்கு இருந்த கணக்கு: 25 முறை போய் உயிரோட திரும்பினா வீட்டுக்குப் போகலாம்.

இப்போ அப்படி ஒரு ஜாக்கெட் காய்ஞ்சு, விறைச்சுப்போய் உங்க கைக்கு வருதுன்னு வெச்சுக்கோங்க. முதல்ல என்ன தோணும்? எண்ணெய் தேய்க்கலாம்னுதான். அதுதான் ஆபத்து.

தோல்ங்கிறது கொலாஜன் இழைகளோட பின்னல். பதனிடும்போது அந்த இழைகளுக்கு நடுவுல குறுக்குப் பிணைப்பு உண்டாகுது. அதுக்கப்புறம் கொஞ்சம் கொழுப்பு ஏத்துவாங்க. இழைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம வழுக்கிப் போக அதுதான் லூப்ரிகன்ட். வருஷக்கணக்கா அந்தக் கொழுப்பும் ஈரமும் குறைய, இழைகள் ஒட்டிக்கிட்டு தோல் விறைக்குது. 'அப்போ திரும்ப எண்ணெய் விட்டா சரியாகிடுமே'ன்னு கேட்பீங்க. லாஜிக் சரி. ஆனா அறுந்த இழையை எண்ணெய் ஒட்டவைக்காது. கூடுதலா விட்ட எண்ணெய் காத்துல ஆக்சிஜனேற்றமாகி பிசுபிசுன்னு ஆகும், தூசியை இழுக்கும், நிறத்தைக் கறுப்பாக்கும். பெயின்ட்டுக்கு அடியில ஊறினா குண்டுப் படங்கள் உரியவும் வாய்ப்பிருக்கு. அருங்காட்சியகங்கள்ல ஒரு காலத்துல இப்படி எண்ணெய் பூசிட்டுத்தான் இருந்தாங்க. இப்போ பெரும்பாலும் நிறுத்திட்டாங்க. தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்த இடத்துலயே வெச்சிடுங்க.

தோல் மேல வெள்ளையா பூத்திருந்தா உடனே பூஞ்சைன்னு முடிவு பண்ணாதீங்க. பழைய கொழுப்பு வெளியே வந்து உறைஞ்சாலும் அப்படித்தான் தெரியும். ஒரு ஓரமா லேசான சூடு காட்டினா கொழுப்பு உருகி மறையும், பூஞ்சை மறையாது. இன்னொண்ணு, செம்பழுப்புத் தூளா கையில ஒட்டுறது. தாவரச் சாறுல பதனிட்ட தோல், காத்துல இருக்கிற சல்ஃபர் டை ஆக்சைடை உறிஞ்சி உள்ளேயே அமிலமாக்கிக்கும். அந்த அமிலம் இழைகளை அரிச்சதோட விளைவு இது. போன வலு திரும்ப வராது. அந்த நிலையில இருக்கிறதைப் போட்டுக்கிட்டு பைக்ல போகவே கூடாது.

சுத்தம் பண்ண மென்மையான பிரஷ் போதும். டிரை கிளீனிங் வேண்டவே வேண்டாம், அந்த சால்வென்ட் இருக்கிற கொழுப்பையும் பெயின்ட்டையும் சேர்த்தே எடுத்துட்டுப் போயிடும். நனைஞ்சா நிழல்ல ஃபேன் காத்து மட்டும். நல்ல தாவரப் பதனீட்டுத் தோலே ஈரமா இருக்கும்போது சுமார் 75 டிகிரி செல்சியஸ்ல சுருங்க ஆரம்பிக்கும். சிதைஞ்ச தோலுக்கு அதைவிட ரொம்பக் குறைவான சூடே போதும்.

கம்பி ஹேங்கர்ல மாட்டினா மொத்த எடையும் தோள்ல ரெண்டு கோட்டுல இறங்கி, அங்கேயே கிழியும். அகலமான, பஞ்சு சுத்தின ஹேங்கர் நல்லது. தையல் விட ஆரம்பிச்சிருந்தா படுக்கவெச்சே வைக்கலாம். மேல பிளாஸ்டிக் கவர் வேண்டாம், காடாத்துணி போர்த்துங்க. ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள்ள இருந்தா தோலுக்கு சுகம். 65-ஐத் தாண்டினா பூஞ்சை வரும். நம்ம ஊர் மழைக்காலத்துல பூட்டின பீரோவுக்குள்ள அது சுலபமா தாண்டும். அதனால வாரத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்து காத்தாட விடுங்க. அப்படியே மணிக்கட்டுப் பின்னலையும் ஒரு தடவை பாருங்க. அந்துப்பூச்சிக்குத் தோலைவிட அந்தக் கம்பளிதான் ரொம்பப் பிடிக்கும்.