கணக்குக் கேட்க ஒருவர்



ஆண்டுதோறும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும்போது நாம் ஒவ்வொருவரும் மனத்துக்குள் ஏதோ ஒன்றைத் தீர்மானித்துக் கொள்கிறோம். மது அருந்துவதில்லை, புகைப்பதில்லை, இரவில் குடும்பச் செபமாலையைத் தவறவிடுவதில்லை, பிள்ளைகள் மீது எரிந்து விழுவதில்லை என அத்தீர்மானங்கள் பலவகைப்படும். உயிர்த்த ஞாயிறு வரும்போது அவற்றுள் எத்தனை உயிரோடு இருக்கின்றன? இக்கேள்வியை உங்களிடம் கேட்பதற்கு முன்னர் என்னிடமே நான் கேட்டுக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன்.

மாத்தளை மாவட்டத்தின் மலைத்தோட்டங்களில் பணியாற்றிய நாட்களில், தவக்காலத்து முதல் ஞாயிறொன்றில், தோட்டத்துச் சிற்றாலயத்தின் பீடத்தின் முன்பாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் முழந்தாளிட்டார்கள். எரியும் மெழுகுதிரியைக் கையில் ஏந்தி, பாஸ்காத் திருவிழா வரை சாராயத்தையோ கசிப்பையோ தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். நான் ஆசீர் வழங்கினேன். மனம் நிறைந்து பங்குமனைக்குத் திரும்பினேன். அடுத்த மாதத் திருப்பலிக்காக அதே ஆலயத்துக்குச் சென்றபோது, அவர்களுள் ஒருவருடைய மனைவி வாசலிலேயே என்னை நிறுத்தினார். "சாமி, சத்தியம் வாங்கிட்டுப் போனீங்க. அதுக்குப் பொறகு ஒரு நாளாச்சும் வந்து என்னாச்சுன்னு கேட்டீங்களா?" என்றார். சத்தியம் முதலாவது சம்பள நாளைக்கூடத் தாண்டவில்லையாம்.

அத்தாய் கோபத்தோடு பேசவில்லை. ஆயினும் அன்று மறையுரை ஆற்றுவதற்கு என் நா எழவில்லை. குருமடத்தில் கற்ற காலத்தில் மாதந்தோறும் ஆன்ம குருவின் அறைக்குச் சென்று, செபம் எப்படி, படிப்பு எப்படி, உடன் மாணவரோடு உறவு எப்படி என்று கணக்கு ஒப்புவித்தவன் நான். அவர் கேட்பார் என்பதற்காகவே எத்தனையோ விடியற்காலைகளில் எழுந்து தியானத்தில் அமர்ந்திருக்கிறேன். அவ்வளவு காலம் பிறர் தாங்கிப் பிடித்ததனால் நின்ற நான், அந்த மனிதர்களைச் சத்தியத்தோடு மாத்திரம் தனியே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

'பொறுப்புக்கூறல்' என்னும் சொல்லை இந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகைகளில் நாம் பெரும்பாலும் ஜெனீவாச் செய்திகளோடு சேர்த்தே வாசித்து வந்திருக்கிறோம். ஆனால் அச்சொல்லுக்கு வீட்டளவிலான பொருளொன்றும் உண்டு. நான் செய்யத் துணிந்ததைச் செய்தேனா என்று குறித்த நாளில் வந்து கேட்பதற்கு ஒரு மனிதர் எனக்கு இருக்கிறாரா என்பதே அது. நகரங்களிலும் வெளிநாடுகளிலும் இன்று இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கட்டணம் பெற்றுக்கொண்டு வாரந்தோறும் தொலைபேசியில் அழைத்து, போன வாரம் சொன்னதைச் செய்தீர்களா என்று கேட்கிறார்கள். பணம் கொடுத்தா இதைப் பெறவேண்டும் என்று சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன்னால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: நம்முள் எத்தனை பேருக்கு அப்படிக் கேட்பதற்கு இலவசமாகவேனும் ஒருவர் இருக்கிறார்?

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் கணக்கு என்பது புதிதன்று என்பதை நான் அறிவேன். விடியுமுன் பிரட்டுக்களம், செக்ரோலில் பேர், குறித்த நிறை எடுக்காத நாளில் அரைப்பேர், மேலே கங்காணி, அதற்கும் மேலே கணக்கப்பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குக் கொடுத்தே முதுகு வளைந்த மக்கள் இவர்கள். 'கண்காணி' என்பது அருமையான சொல். ஆயரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைப் புரட்டஸ்தாந்து சகோதரர்களின் பழைய தமிழ் வேதாகமம் இச்சொல்லால்தான் பெயர்த்திருக்கிறது. மலையகமோ அச்சொல்லைக் கசக்கும்படி செய்துவிட்டது. ஆகவே "உனக்குக் கணக்குக் கேட்க ஒருவர் வேண்டும்" என்று அவர்களிடம் சொன்னால், "இன்னொரு கங்காணியா?" என்றுதான் முதலில் தோன்றும். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. கங்காணி பார்க்கும்வரை கொழுந்து ஒழுங்காக வரும். அவர் வளைவைத் தாண்டியதும் கை தளரும். தொழிலாளியைக் கங்காணி கேட்கலாம்; கங்காணியைத் தொழிலாளி கேட்க முடியாது. வெளியிலிருந்து சுமத்தப்படும் கண்காணிப்பு வேலையை வாங்கிவிடும். ஒருவருக்குள் பழக்கத்தை வேரூன்றச் செய்வது அதனால் இயலாது.

இதற்கு நேர்மாறான கணக்கு ஒன்றும் அதே லயங்களில் நடக்கிறது, சீட்டைத்தான் சொல்கிறேன். வீட்டு உண்டியலில் நூறு ரூபா சேர்த்து வைக்க முடியாத பெண், சீட்டுப் பணத்தை மட்டும் மாதம் தவறாமல் கொண்டுவந்து வைக்கிறார். சட்டம் அவரை வற்புறுத்தவில்லை. தானே விரும்பிச் சேர்ந்த வட்டம் அது. தன் பணத்தை எதிர்பார்த்து வேறொருத்தி காத்திருக்கிறாள். அடுத்த முறை தானும் அவ்வாறே காத்திருக்கப் போகிறார். அங்கே கேட்பவரும் கொடுப்பவரும் ஒருவரே. தீர்மானங்களைக் காப்பதற்கும் இத்தகைய ஒரு வட்டம் தேவை என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது.

நமது மாவட்டத்தின் விசுவாச வரலாற்றிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. கலேவெலைக்கு அருகேயுள்ள வஹகோட்டைப் புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு ஜூன் மாதத்தில் திருயாத்திரை சென்றவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். கண்டி மன்னரின் காலத்தில் அங்கே குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கர்களின் ஊர் அது. ஒல்லாந்தர் தமது ஆட்சிப்பகுதிகளில் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த வேளையில், 1687ஆம் ஆண்டு கோவாவிலிருந்து புனித யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தனியொரு குருவாகவே அவர் இத்தீவெங்கும் நடந்தார். ஓர் ஊருக்கு வந்து சென்றால் மீண்டும் எப்போது வருவார் என்று எவராலும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, மக்களின் செபப் பழக்கம் எவ்வாறு நிலைத்தது?

அடிகளார் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். செபங்களைச் சொல்லிக் கொடுப்பது, ஞாயிறன்று மக்களை ஒன்றுகூட்டுவது, நோயுற்றோரைச் சந்திப்பது, ஆபத்து வேளையில் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பது ஆகியவை இத்தகையோரின் பொறுப்புகளாயின. அவர்கள் வெளியூர் அதிகாரிகளல்லர். அதே ஊரில் உழுது உண்பவர்கள். தாங்களும் அதே செபத்தைச் சொல்லவேண்டியவர்கள். குரு வரும்போது தாங்களும் கணக்கு ஒப்புவிக்கவேண்டியவர்கள். அடிகளாரும் அவ்வாறே தம் பணியைக் குறித்துக் கோவாவிலிருந்த தம் சபைக்குக் கடிதங்கள் எழுதினார். அவர் சார்ந்திருந்த ஒரட்டோரியன் சபை, புனித பிலிப்பு நேரியின் வழியில், வார்த்தைப்பாடுகள் இன்றி அன்பின் பிணைப்பால் மாத்திரமே கூடி வாழும் குருக்களின் சபை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. அடிகளார் 1711இல் கண்டியில் மரித்தார். 1740களில் குருக்கள் கண்டி அரசிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அதன் பின்பும் வஹகோட்டை மக்கள் தங்கள் விசுவாசத்தைக் கைவிடவில்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத் திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவருடைய புதுமைகளைப் பற்றி அதிகம் பேசினோம். மூப்பர்களைப் பற்றிப் பேசியது குறைவு.

குடியின் விடயத்தில் இவ்வழி எவ்வாறு செயற்படும் என்று கேட்பீர்களாயின், கடல் கடந்து ஓர் எடுத்துக்காட்டுக்குச் செல்லவேண்டும். 1935 மே மாதம், பில் வில்சன் என்னும் நியூயோர்க் பங்குத் தரகர், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில், வியாபாரம் கைகூடாத நிலையில் விடுதியொன்றின் முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மதுக்கூடத்தின் ஓசை அவரை அழைத்தது. அவரோ தொலைபேசியை எடுத்து, தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரர் இவ்வூரில் இருக்கிறாரா என்று விசாரித்தார். அவ்வாறு அவர் சந்தித்தவர் அறுவைச் சிகிச்சை நிபுணரான டொக்டர் பொப் சிமித். இருவரும் பேசினார்கள். ஒருவர் மற்றவரைக் காத்தார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகெங்கும் பரவியுள்ள 'அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்' இயக்கம். அங்கே புதிதாக வருபவருக்கு வழித்துணையாக அமைபவர் முன்பு குடித்து விட்டவரேயன்றி மேலதிகாரி அல்லர்.

அதே நகரில் புனித தோமையார் வைத்தியசாலையில் பணியாற்றிய அருட்சகோதரி இக்னேசியா, 1939ஆம் ஆண்டு முதல் டொக்டர் பொப்புடன் இணைந்து குடிநோயாளரை அனுமதித்துப் பராமரித்தார். குடிகாரரை வைத்தியசாலைகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. குணமடைந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் அவர் இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைக் கையளிப்பார். அதனுடன் ஒரேயொரு வாக்குறுதியைப் பெற்றுக்கொள்வார்: மீண்டும் குடிக்க எண்ணினால், முதல் மிடறைக் குடிப்பதற்கு முன்னர் இச்சின்னத்தைத் தம்மிடம் கொண்டுவந்து திருப்பித் தரவேண்டும். அச்சின்னத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கும் மனிதனைக் கற்பனை செய்து பாருங்கள். மதுக்கடைக்குப் போகும் வழியில் அவன் முதலில் ஒரு முகத்தைச் சந்திக்கவேண்டும். அது தண்டிக்கும் முகமாக இருந்திருந்தால் அவன் அச்சின்னத்தை ஓடையில் எறிந்துவிட்டுக் குடித்திருப்பான்.

இவ்வியக்கத்தின் வழிமுறை குறித்த 27 ஆய்வுகளை 2020ஆம் ஆண்டு வெளியான கொக்ரேன் மீளாய்வு ஆராய்ந்தது. தொடர்ந்து குடிக்காதிருப்பதில் இவ்வழி மற்றைய சிகிச்சைகளுக்குக் குறைந்ததன்று, பல வேளைகளில் மேலானது என்பது அதன் முடிவு. அறிவியல் இவ்விடத்தில் அருட்சகோதரியின் பக்கமே நிற்கிறது. ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். நெடுங்காலம் நாள்தோறும் கடுமையாகக் குடித்து வந்தவர் திடீரென நிறுத்தினால் உடல் நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்படலாம், அது உயிராபத்தானது. அத்தகையவரை முதலில் வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். சத்தியம் பின்னர் ஆகட்டும்.

பழக்கம் ஊன்றுவதற்கு எத்தனை நாள் வேண்டும்? இலண்டனில் 96 பேரைக் கொண்டு செய்யப்பட்டு 2010இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு சிறு செயல் தன்னியல்பாக மாறச் சராசரியாக 66 நாட்கள் தேவைப்பட்டன. சிலருக்கு 18 நாட்கள், சிலருக்கு 254 நாட்கள் என்று கணக்கிடப்பட்டது. தவக்காலத்தின் நாற்பது நாட்கள் போதவில்லையே என்று மனம் தளர வேண்டாம். பாஸ்காக் காலத்தின் ஐம்பது நாட்களும் நமக்கு இருக்கின்றன. ஒரு நாள் தவறியதனால் பழக்கம் கெட்டுவிடுவதில்லை என்பதும் அதே ஆய்வு சொன்ன செய்தி. தவறிய மறுநாள் என்ன செய்கிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. அந்த மறுநாளில் தனியாயிருப்பவர் வெட்கத்தினால் முழுவதையும் கைவிட்டு விடுகிறார்.

யாரைத் தெரிந்துகொள்வது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு, சிலர் உடன்படாதிருக்கலாம். கணவனின் குடிக்கு மனைவியைக் கணக்காளராக்காதீர்கள். அவள் ஏற்கெனவே அதன் செலவைச் செலுத்திக் கொண்டிருப்பவள். சட்டையை முகர்ந்து பார்ப்பவளாக அவளை மாற்றினால் வீட்டுக்குள்ளேயே பிரட்டுக்களம் ஒன்று எழும்பிவிடும். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகனுக்குத் தந்தையைவிட, ஓரிரு ஆண்டுகளுக்கு முன் அப்பரீட்சை எழுதிய அயல்வீட்டு அண்ணனே பொருத்தமானவர். வெற்றி பெற்றவரென்று ஊர் போற்றும் ஒருவரைக் காட்டிலும், விழுந்து எழுந்தவர் மேல். கேட்கும் நாளையும் முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். எப்போதாவது கேட்கிறேன் என்பவர் ஒருபோதும் கேட்பதில்லை. இதற்கு நானே சாட்சி.

மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை இன்றிரவு குடும்பமாக வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் சீடர்களை இருவர் இருவராக அனுப்புகிறார். அவர்கள் திரும்பி வந்து, செய்தவை, கற்பித்தவை யாவற்றையும் அவரிடம் தெரிவிக்கிறார்கள். கணக்கைக் கேட்ட ஆண்டவர் எவருக்கும் அரைப்பேர் போடவில்லை. தனிமையான ஓர் இடத்துக்கு வந்து சற்று ஓய்வெடுக்கும்படி அவர்களை அழைக்கிறார். ஒப்புரவு அருட்சாதனத் தொட்டியை அண்டி வருவதற்கு அஞ்சுகிற பலர் செக்ரோலை நினைத்துக்கொண்டே வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அங்கே அமர்ந்திருக்கும் குருவும் வேறொரு குருவிடம் சென்று முழந்தாளிட வேண்டியவர்தாம்.

அத்தோட்டத்தில் அடுத்த தவக்காலத்தில் நாங்கள் மெழுகுதிரி ஏற்றவில்லை. சம்மதித்தவர்களை இருவர் இருவராகப் பிரித்தோம். என்னை வாசலில் நிறுத்திய தாயின் கணவர், பல ஆண்டுகளுக்கு முன்பே குடியை விட்டிருந்த ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரைத் தாமாகவே கேட்டுக்கொண்டார். சம்பள நாள் மாலையில் அம்முதியவர் கையில் டோர்ச் லைட்டோடு இவருடைய லயத்துக்கு வருவார். இருவரும் பாதை வளைவுவரை நடந்து, கடையில் பிளேன்டீ குடித்து, கடன்காரருக்குச் சேரவேண்டியதைச் சேர்த்து, மீதியை அம்மனைவியின் கையில் கொடுத்துவிட்டு விடைபெறுவார்கள். முதல் மூன்று மாதங்களில் இரண்டு தடவை இவர் விழுந்துவிட்டார். ஒரு தடவை முதியவர் வருவதைக் கண்டு பின்வாசலால் ஓடியும் போனார். நான்காம் மாதச் சம்பள நாளிலும் அந்த டோர்ச் வெளிச்சம் அதே நேரத்துக்கு லயத்து வாசலுக்கு வந்தது.

எல்லாச் சோடிகளும் அவ்வாறு நிலைத்தன என்று நான் எழுதினால் அது உண்மையாகாது. பாதிக்கு மேல் கலைந்து போயின. நான் வேறு பங்குக்கு மாற்றலாகி வந்தபின் அம்முதியவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கத் திருப்பலிக்கு நான் சென்றிருந்தேன். சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் ஒருவராக அக்கணவர் நின்றார். திரும்பும்போது பஸ் நிறுத்தம்வரை என்னோடு நடந்து வந்தவர், நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டார். அன்று சம்பள நாள். மேல் லயத்தில் ஒரு பொடியன் தனக்காகக் காத்திருப்பான் என்றார்.