எதிர்க்காற்றுக் கணக்கு

2017 மார்ச் 12. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆயிரக்கணக்கானோர் பந்தயத்துக்காக விடியற்காலையிலேயே சைக்கிளோடு வந்து நின்றார்கள். முதல் சில குழுக்கள் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பந்தயம் ரத்தானது. காரணம், மணிக்கு 100 கிலோமீட்டரைத் தொட்ட காற்று. ஓட்டுவதை விடுங்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தவர்களின் கையிலேயே சைக்கிள் தரையை விட்டுக் கிளம்பிப் படுக்கைவாட்டில் பறந்தது.

1978 முதல் நடந்துவரும் 'கேப் டவுன் சைக்கிள் டூர்' 109 கிலோமீட்டர் பந்தயம். முன்னால் சில தொழில்முறை வீரர்கள் போவார்கள். பின்னால் வருவதெல்லாம் வேலைக்குப் போகும் முன் பயிற்சி எடுக்கும் அமெச்சூர் கூட்டம். பாதை நகரிலிருந்து தெற்கே இறங்கி, சைமன்ஸ் டவுன் தாண்டி, அட்லாண்டிக் கரையோரமாகத் திரும்புகிறது. அங்கே கோடையில் வீசுவது தென்கிழக்குக் காற்று. நகரத்துப் புகையைத் துடைத்துக்கொண்டு போவதால் ஊர்க்காரர்கள் அதை 'கேப் டாக்டர்' என்பார்கள். பந்தயக்காரர்களுக்குப் போகும்போது முகத்தில், வரும்போது முதுகில்.

போகையில் பறித்ததை வருகையில் கொடுத்துவிடும், சரிக்குச் சரி என்றுதான் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படி வருவதில்லை. ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ, சமதளம், காற்றே இல்லை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போக ஏறக்குறைய 155 வாட் திறன் வேண்டும். அதில் 120 வாட் காற்றை விலக்கவே போய்விடுகிறது. 40 கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்பினால் 2 மணி 40 நிமிடம். இப்போது 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசட்டும். அதே 155 வாட்டுக்கு எதிர்க்காற்றில் கிடைக்கும் வேகம் 19 கிலோமீட்டர் சொச்சம். பின்காற்றில் 43 கிலோமீட்டர் சொச்சம். போக 2 மணி 4 நிமிடம், வர 55 நிமிடம். கூட்டினால் ஏறக்குறைய 20 நிமிடம் நஷ்டம். எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதன் பிடியில் அதிக நேரம் இருக்கிறோம். பின்காற்றோ சீக்கிரமே முடிந்துவிடுகிறது.

இந்த நஷ்டத்தைக் குறைக்க வழி ஒன்றுதான்: இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது. முன்னால் போகும் உடம்பு காற்றைக் கிழிக்கிறது, அதன் பின்னால் அழுத்தம் குறைந்த நிழல் விழுகிறது. நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெர்ட் பிளாக்கனின் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தைக் காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டது. கூட்டத்தின் நடு, பின் பகுதிகளில் இருப்பவருக்குக் காற்றின் எதிர்ப்பு, தனியாகப் போகிறவருக்கு இருப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான். முன்னால் போகிறவருக்கும், பின்னால் ஆள் இருந்தால், சிறு லாபம் உண்டு. விலை உயர்ந்த கார்பன் சக்கரத்துக்குப் பணம் கொட்டுவதைவிட, அடுத்தவர் பின்னால் அரை மீட்டர் இடைவெளியில் பதறாமல் ஓட்டக் கற்பது மேல் என்பேன்.

அமெச்சூர்கள் பதறுவதிலும் நியாயம் இருக்கிறது. சைக்கிளில் சமநிலை என்பது, எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கம் ஹேண்டிலைத் துளி திருப்பி, சக்கரத்தை உடம்புக்கு அடியில் கொண்டுவருவது. நினைக்காமலே நொடிக்கு நொடி இதைச் செய்கிறோம். என் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைந்து, இரண்டும் உரசிவிட்டால், அந்தப் பக்கம் ஹேண்டில் திரும்பாது. சாய்ந்தால் சாய்ந்ததுதான். பெரும்பாலும் முன்னவர் ஒரு குலுக்கலோடு தப்பித்துவிடுவார். விழுவது பின்னால் வந்தவர். பக்கக்காற்று அடிக்கும்போது கூட்டம் இன்னும் நெருங்கும். நிழல் நேர் பின்னால் விழாமல் சரிவாக விழுவதால், வரிசையும் சாலையில் குறுக்காகச் சாய்கிறது. சாலை அகலம் தீர்ந்ததும், ஓரத்தில் மாட்டியவருக்கு நிழல் கிடையாது.

இந்த ஒளிந்துபிடிப்பெல்லாம் மேட்டில் செல்லாது. கேப் டவுன் பாதையில் கால்கள் களைத்த நேரத்தில் சேப்மன்ஸ் பீக், அதற்கப்புறம் சுய்கர்பாசி என்று இரண்டு ஏற்றம். 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் மேட்டில் நம் 155 வாட்காரரின் வேகம் 10 கிலோமீட்டர் சொச்சத்துக்கு இறங்குகிறது. அங்கே காற்றுக்குச் செலவாவது 5 வாட் மட்டுமே; மிச்சமெல்லாம் ஏறக்குறைய எடையைத் தூக்கத்தான். அதுவரை நிழலில் சொகுசாக வந்த கனத்த ஆசாமி இங்கேதான் பின்தங்குகிறார். உச்சியில் குழுவைத் தவறவிட்டால் மறுபக்கம் தனியாகக் காற்றில் மிதிக்க வேண்டும். அதனால் பழகியவர்கள் மேடு தொடங்கும் முன்பே குழுவின் முன்வரிசைக்கு நகர்ந்துவிடுவார்கள். ஏறும்போது ஒவ்வொருவராகத் தாண்டிப் போக விடுவார்கள், மூச்சு முட்டத் துரத்த மாட்டார்கள். உச்சியைத் தொடும்போது கடைசி ஆளாகவாவது குழுவுக்குள் இருந்தால் போதும்.