பயிற்றுநரும் பழிச்சொல்லும்

தேசிய உதைபந்தாட்ட அணி தளர்வுறும்போது மக்களின் சினம் முதற்கண் பயிற்றுநர்மீதே பாய்கின்றது. பதினொருவரையும் மாற்றுதல் அரிது. ஒருவரை விலக்குதல் எளிது. ஆயின், அச்சினம் நேரிய தீர்ப்பாகுமா?

இதற்கு இத்தாலி நல்லதொரு சான்று. 1982ஆம் ஆண்டு ஸ்பெயினில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் அந்நாட்டு அணியின் பயிற்றுநராக விளங்கியவர் என்சோ பெயார்சொட். ஈராண்டுத் தடை நீங்கி அண்மையிலேயே ஆடத் தொடங்கியிருந்த பாவுலோ றோசியை அவர் அணியிற் சேர்த்தமையைப் பலர் கண்டித்தனர். முதற் சுற்றில் போலந்து, பெரு, கமரூன் ஆகிய மூன்று அணிகளுடனும் சமநிலையே கிட்டியது. இத்தாலி பெற்றவை 2 கோல்களே; றோசி ஒன்றேனும் அடித்தாரல்லர். பத்திரிகைகளின் வசை மிகவே, வீரர்கள் நிருபர்களுடன் பேசுவதையே நிறுத்தினர்.

பெயார்சொட் றோசியைக் கைவிடவில்லை. நெடுநாள் ஆடாதிருந்த வீரனுக்குப் பழைய வேகம் மீளச் சில ஆட்டங்கள் வேண்டுமன்றோ? ஆர்ஜென்டீனாவை 2–1 என வென்றபின், பிரேசிலை 3–2 என இத்தாலி வீழ்த்தியது. அம்மூன்று கோல்களும் றோசியுடையவை. இறுதியாட்டத்தில் மேற்கு ஜேர்மனியை 3–1 என வென்று கிண்ணத்தையும் கைப்பற்றியது.

எனினும், அதே பயிற்றுநரின் அணி 1984ஆம் ஆண்டு ஐரோப்பிய இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெறவில்லை. 1986இல் உலகக் கிண்ணத்தினின்றும் வெளியேறியதும் அவர் பதவி துறந்தார். ஆகவே, குறைகூறல் யாவும் தவறென்பதற்கில்லை. காரணம் கேட்பது இரசிகரின் உரிமை. காரணம் ஆராயாது ஆளை மாற்றக் கோருவதோ, நோயறியாது வைத்தியரை மாற்றுவதை ஒக்கும்.