நானும் கப்பல் அதிகாரி ஆகலாமா?

கப்பல் வேலை என்றவுடன் நம்மில் பலருக்கு வெண்ணிற உடையும் வெளிநாட்டுத் துறைமுகங்களும் கை நிறையச் சம்பளமும்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான். இயற்பியல் மாணவனான நான் சென்ற ஆண்டு அந்தக் கனவின் பின்னே சிறிது தூரம் ஓடினேன். அப்போது அறிந்தவற்றை நம் கல்லூரி நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பழந்தமிழர் மீகாமன் என்று அழைத்தவனின் வேலையை இன்றைய சரக்குக் கப்பலில் பெரும்பாலும் மூன்று அதிகாரிகள் பங்கிட்டுக்கொள்கின்றனர். 8 மணி முதல் 12 வரை மூன்றாம் அதிகாரி, 12 முதல் 4 வரை இரண்டாம் அதிகாரி, 4 முதல் 8 வரை தலைமை அதிகாரி. பகலிலும் இரவிலும் இதே முறைதான். மற்ற எட்டு மணி நேரமும் ஓய்வு என்று எண்ணிவிட வேண்டாம். உயிர்காப்புப் படகுகளைச் சோதிப்பது, கடல் வரைபடங்களைத் திருத்துவது, சரக்கைக் கவனிப்பது எல்லாம் அந்த நேரத்தில்தான்.

இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் சொல்கிறது, எதிரே வருவதை ரேடார் காட்டுகிறது. பிறகு மனிதன் எதற்கு என்று கேட்கலாம். விதிகளோ கண்ணாலும் காதாலும் கவனிக்க வேண்டும் என்கின்றன. இரவில் ஒவ்வொரு கப்பலின் இடப்புறம் சிவப்பு விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் எரியும். 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, இரண்டு இயந்திரக் கப்பல்கள் குறுக்கிடும்போது, மற்றதைத் தன் வலப்புறத்தில் காணும் கப்பலே விலக வேண்டும். அதாவது, வலப்பக்கத்தில் குறுக்கே வரும் கப்பலின் சிவப்பு விளக்கு தெரிந்தால் நாம் விலக வேண்டும். இடப்பக்கத்தில் பச்சை தெரிந்தால் விலக வேண்டியவர் அவர். நாம் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் செல்ல வேண்டும். பாரம் ஏற்றிய பெரிய கப்பல் நம் ஊர்ப் பேருந்தைப் போல பிரேக் போட்டவுடன் நிற்காது. நிற்பதற்குள் சில கிலோமீட்டர் ஓடிவிடும். ஆகவே சிவப்பைப் பச்சை என்று எண்ணுபவனை அங்கே நிறுத்த முடியாது.

நான் தோற்றது இங்கேதான். மருத்துவர் வண்ணப் புள்ளிகள் நிறைந்த படங்களைக் காட்டி, உள்ளே இருக்கும் எண்ணைப் படிக்கச் சொன்னார். எனக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. நிறக்குருடு என்பது இருபது வயது வரை எனக்கே தெரியாது! அதற்குள் ஒரு தரகர், "இடம் உறுதி" என்று சொல்லி, அம்மாவின் வளையலை அடகு வைத்த பணத்தை முன்பணமாக வாங்கியிருந்தார். அது திரும்பி வரவில்லை.

கண் நன்றாக உள்ளவர்களுக்கு வழி இதுதான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்களும், உரிய மதிப்பெண்ணும் வயதும் இருந்தால் நம்மைப் போன்ற இயற்பியல் பட்டதாரிகளும், 2008-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வை எழுதலாம். ஓராண்டு டிப்ளமோ, பின்னர் 18 மாதம் கப்பலில் கேடட்டாகப் பயிற்சி, அதன்பின் 'இரண்டாம் மேட்' சான்றிதழ்த் தேர்வு. வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாம் மேட் சான்றிதழுக்கு முதலில் கிடைப்பது மூன்றாம் அதிகாரி வேலை! கப்பல் தலைவராவதற்கு இன்னும் இரண்டு சான்றிதழ்கள் பெற வேண்டும்.

மாணவியரும் இதைப் படிக்கலாம். 2015 ஜூனில் வங்காள விரிகுடாவில் தத்தளித்த ஏழு மீனவர்களைக் காப்பாற்றிய எண்ணெய்க் கப்பலின் தலைவர், கேரளத்தைச் சேர்ந்த ராதிகா மேனன். அதற்காக 2016-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வீரச்செயல் விருதைப் பெற்றார்.

விண்ணப்பிக்கும் முன் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களின் பட்டியலைக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் வெளியிடுகிறது. அதில் இல்லாத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். கப்பலில் வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்குவது விதிப்படி குற்றம்.

என்னுடன் மருத்துவரிடம் வந்த விடுதி அறைத் தோழன் எல்லா எண்களையும் தடையின்றிப் படித்துவிட்டான். என் இயற்பியல் குறிப்பேடுகள் இப்போது அவனிடம்தான் இருக்கின்றன.