நங்கூரமின்றி நிற்கும் கப்பல்

மலைநாட்டில் பெருமழை பெய்து களனி கங்கை கலங்கிப் பெருகி வரும் நாளில், யட்டியாந்தோட்டையில் ஆற்றின் நடுவே ஒரு தோணியை நங்கூரமிடாமல் ஓரிடத்திலேயே நிறுத்தவேண்டுமென்று வைத்துக்கொள்வோம். தோணிக்காரர் என்ன செய்வார்? முதலில் கரையிலுள்ள ஒரு மரத்தை அடையாளமாகக் கொள்வார். மரம் முன்னே நகர்வதுபோல் தோன்றினால், தோணி பின்னே இழுபடுகிறது என்று உணர்வார். உடனே கழியை ஊன்றி, இழுபட்ட அளவுக்குத் தோணியைத் தள்ளுவார். கண் பார்க்கிறது, மனம் கணக்கிடுகிறது, கை தள்ளுகிறது. இம்மூன்றும் இடைவிடாது நிகழ்ந்தால் தோணி நின்ற இடத்திலேயே நிற்கும்.

நம் ஊரைக் கடந்து செல்லும் இவ்வாற்று நீர் கொழும்பு முகத்துவாரத்திற் கடலோடு கலக்கிறது. அக்கடலிலும் இதே வேலையைச் செய்யும் பெருங்கப்பல்கள் உள்ளன. அவற்றிற்குக் கண்ணாக இருப்பவை இடங்காட்டும் கருவிகள். மனமாக இருப்பது கணிப்பொறி. கையாக இருப்பவை நீருக்கடியிற் சுழலும் உந்து விசிறிகள். கண் கண்டதை மனத்திற்குச் சொல்லும் மொழி எது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப்போகும் செய்தி. சிறிய விஷயம்போலத் தோன்றினும், மனித உயிர்கள் அதனை நம்பியிருக்கின்றன.

மன்னார்க் கடலில் ஒரு விருந்தாளி

2011ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டின் 'சிக்யூ' என்னும் துளையிடும் கப்பல் நமது மன்னார்க் கடற்பரப்பிற்கு வந்தது. ஜப்பானிய மொழியில் 'சிக்யூ' என்றால் பூமி என்று பொருள். 210 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல், சுமார் 1,350 மீட்டர் ஆழமுள்ள கடலில் 'டொராடோ' என்று பெயரிடப்பட்ட கிணற்றைத் தோண்டியது. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் அங்கே எரிவாயு இருப்பது தெரியவந்தது.

அத்துணை ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்பது பெரும்பாடு. ஆகையால் எல்லாப் பக்கமும் திரும்பவல்ல ஆறு விசிறிகளும், பக்கவாட்டில் தள்ளும் ஒரு விசிறியும் கப்பலைத் தாங்கி நிற்கின்றன. கப்பலிலிருந்து கடலடிவரை செல்லும் நெடுங்குழாய் ஒரு பாகை சாய்வதற்குக் கப்பல் ஏறக்குறைய 24 மீட்டர் விலகினாற் போதும். சாய்வு மிகுந்தால் குழாய் முறியும். கிணற்றின் வாய்க்கும் ஆபத்து. காற்றும் அலையும் நீரோட்டமும் ஓயாது தள்ளிக்கொண்டிருக்க, கப்பல் தன் நிலை பிறழாமல் நிற்கவேண்டும்.

இக்கலை தோன்றியது 1961ஆம் ஆண்டில். அமெரிக்க விஞ்ஞானிகள் மெக்சிக்கோ நாட்டுக் குவாதலூப் தீவின் அருகே, மூன்றரைக் கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் 'கஸ்-1' என்னும் கப்பலை நிறுத்தித் துளையிட்டனர். சுற்றிலும் மிதவைகளை நிறுத்தி, அவற்றின் தூரத்தை ராடார் கொண்டு அளந்து, நான்கு விசிறிகளை மனிதக் கையாலேயே இயக்கினர். அதே ஆண்டில் 'யுரேகா' என்னும் சிறிய கப்பலில் அவ்வேலையைத் தானியங்கிக் கருவியிடமே ஒப்படைத்தனர். கையின் வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டதும், கண்ணுக்கும் மனத்துக்கும் இடையிலுள்ள மொழிச் சிக்கலும் உடன்பிறந்தது.

பல கண்கள், ஒரு மனம்

இத்தகைய கப்பலுக்கு ஒரு கண் போதாது. செயற்கைக் கோள்களின் சமிக்ஞையைக் கொண்டு இடத்தை அறியும் கருவி ஒன்று. கடலடியில் வைக்கப்பட்டு, கப்பல் ஒலியெழுப்பி அழைத்தால் ஒலியாலேயே மறுமொழி தரும் கருவி மற்றொன்று. பாரமான குண்டைக் கடலடியில் இறக்கி, அதனோடு கட்டிய கம்பியை இறுக்கிப் பிடித்து, கம்பியின் சாய்வை அளப்பது பழையதொரு முறை. அருகிலுள்ள எண்ணெய் மேடையின்மீது லேசர் ஒளியைச் செலுத்தித் தூரத்தையும் திசையையும் அறிவதும் உண்டு.

இங்கேதான் தொல்லை. முதற் கருவி அட்சரேகை, தீர்க்கரேகையாற் பேசுகிறது. ஒலிக்கருவி, 'கடலடிக் கருவியிலிருந்து முன்னே இத்தனை மீட்டர், வலப்புறம் இத்தனை மீட்டர்' என்கிறது. கம்பியோ கோணத்தை மட்டுமே சொல்கிறது. லேசர் தூரத்தையும் திசையையும் சொல்கிறது. ஒருவர் வலப்புறத்தைக் கூட்டற்குறியாற் காட்டுவார். மற்றவர் கழித்தற்குறியாற் காட்டுவார். ஒருவர் அளவை நொடிக்கொரு முறை அனுப்புவார். மற்றவர் பல நொடி தாமதித்து அனுப்புவார். இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து 'கப்பல் இங்கே நிற்கிறது' என்று கணிப்பொறி முடிவு செய்யவேண்டும்.

தோட்டத்து வாசகர்களுக்கு இது புதிதன்று. கொழுந்து மடுவத்தில் நிறுத்துவிட்டு 'நாற்பது' என்று ஒருவர் கூவினால், அது இறாத்தலா கிலோவா என்று கணக்கெழுதுபவர் அறியவேண்டும் அல்லவா? நாற்பது இறாத்தல் பதினெட்டுக் கிலோவே. எண் சரியாக இருந்தும் அலகு பிழைத்தால் கூலியும் பிழைக்கும். கப்பலிலோ கூலிக்குப் பதிலாக உயிரே பிழைபடும்.

அலகு மட்டுமன்று. கருவி கப்பலில் எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்பதும் தெரியவேண்டும். 30 மீட்டர் உயரக் கம்பத்தின் உச்சியிலிருக்கும் ஏற்பி, கப்பல் ஐந்து பாகை சாய்ந்தாலே இரண்டரை மீட்டருக்குமேல் பக்கவாட்டில் அசையும், கப்பலோ இடம்பெயர்ந்திராது. அளவு எந்த நேரத்துக்குரியது என்பதும் அவசியம். பழுதடைந்து ஒரே எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பும் கருவி, நின்றுபோன கடிகாரம் போன்றது. அதன் அளவு சிறிதும் ஆடாமையால், அதுவே மிக நம்பத்தக்கது என்று கணிப்பொறி மயங்கவும் கூடும்! ஆகவே அளவோடு நேரமும், அந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்ற குறிப்பும் கூடவே வரவேண்டும்.

புகையிரதப் பாதை தரும் பாடம்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாக யட்டியாந்தோட்டைக்குப் புகையிரதம் வந்தது. அதன் தண்டவாளங்களின் இடைவெளி இரண்டடி ஆறங்குலம். நாட்டின் பிரதான பாதைகளிலோ ஐந்தடி ஆறங்குலம். ஒன்றின் வண்டி மற்றதிற் செல்லாது. பாதை மாறுமிடத்தில் சரக்கை இறக்கி ஏற்றியே ஆகவேண்டும். அவ்வாறு இறக்கி ஏற்றும்போதுதானே பொருள் சிதறும், காலமும் வீணாகும்? நம் ஊர்ப் பகுதியின் தண்டவாளங்கள் 1942ஆம் ஆண்டு, போர்க்காலத்தில் அகற்றப்பட்டன. களனிவெளிப் பாதையில் எஞ்சிய பகுதி 1990களிலேதான் அகலப்பாதையாக மாறியது.

கப்பற் கருவிகளின் கதையும் இத்தகையதே. ஒவ்வொரு உற்பத்தியாளரும் தமக்கென ஒரு பாதை அமைத்தனர். 1983இல் அமெரிக்கத் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் ஒரு பொது வழக்கை வெளியிட்டது. அதன்படி ஒவ்வொரு செய்தியும் டொலர்க் குறியோடு தொடங்கும். யார் பேசுகிறார், என்ன சொல்கிறார் என்பது முதலில் வரும். பிறகு நேரம், இடம் முதலியன காற்புள்ளி இட்டு வரிசையாக வரும். இறுதியில், வழியில் எழுத்தேதும் சிதைந்ததா என்று சோதிக்கும் இரு குறிகள் இருக்கும். கணக்கப்பிள்ளை பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை எழுதிச் சரிபார்ப்பதுபோன்ற ஏற்பாடு இது. பின்னர்ச் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமும் இதனைத் தழுவித் தன் நியமத்தை அமைத்தது.

ஆயினும் சிக்கல் முற்றும் தீர்ந்தபாடில்லை. அவ்வழக்கே உற்பத்தியாளருக்குச் சொந்தச் செய்தி வடிவங்களையும் அனுமதிக்கிறது. ஒலிக்கருவிகளும் லேசர்க் கருவிகளும் பெரும்பாலும் அவ்வாறே பேசுகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மொழிபெயர்ப்பாளன் கணிப்பொறிக்குள் வேண்டியிருக்கிறது. பழைய கருவியை மாற்றிப் புதியதைப் பொருத்தும்போது மொழிபெயர்ப்பிற் பிழை புகுவது எளிது. அப்பிழை அமைதியான கடலில் வெளிப்படாது.

எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் போதுமா? போதாது. ஒரே வகைக் கருவி மூன்றை வைத்தால், ஒரே காரணத்தால் மூன்றும் ஒருங்கே பிழைக்கலாம். அதனாலேயே 1994இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு வகுத்த நெறி, உயர்வகைக் கப்பல்களுக்கு மூன்று இடங்காட்டும் அமைப்புகள் வேண்டும் என்றும், அவை யாவும் ஒரே தத்துவத்தில் இயங்கலாகாது என்றும் விதித்தது. எல்லாக் கண்களும் ஒரே மொழி பேசட்டும். ஆனால் எல்லாம் ஒரே விதமாகப் பார்க்கவேண்டாம்.

ஓர் இரவு, ஓர் உயிர்

2012ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் நாள், வடகடலில் ஒரு கப்பலின் கீழே முக்குளிப்போர் வேலை செய்துகொண்டிருந்தனர். கப்பலின் நிலைநிறுத்தும் அமைப்பு திடீரெனச் செயலிழந்தது. காற்றும் அலையும் கப்பலை அடித்துச் சென்றன. கிறிஸ் லெமன்ஸ் என்பவருக்குச் சுவாச வாயுவும் வெந்நீரும் கொண்டுசென்ற இணைப்புக் குழாய் சிக்கி அறுந்தது. முதுகிலிருந்த அவசர வாயு சில நிமிடங்களுக்கே போதுமானது. கப்பலை மீட்டு, தோழர் அவரைத் தூக்கிவருவதற்குள் அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஆயினும் அவர் உயிர் பிழைத்தார்! கடுங்குளிர் நீரும், அவர் சுவாசித்திருந்த வாயுவில் மிகுந்திருந்த ஒட்சிசனும் காரணமாகக் கூறப்படுகின்றன. அத்தகைய நற்பேறு எல்லார்க்கும் வாய்க்குமா? மேலே கணிப்பொறி அறையில் நிகழும் ஒரு சிறு தடுமாற்றம் கீழேயுள்ள மனிதனின் மூச்சையே நிறுத்தவல்லது என்பதை இந்நிகழ்ச்சி நன்கு உணர்த்துகிறது.

மாணவர்களே! புதிய யந்திரத்தைக் கண்டுபிடிப்பது மட்டுமே விஞ்ஞானம் என்று எண்ணிவிடாதீர்கள். இருக்கும் யந்திரங்கள் ஒன்றையொன்று பிழையின்றிப் புரிந்துகொள்ளச் செய்வதும் அதற்கு இணையான தொண்டாகும். அதற்கான பயிற்சி தொலைவில் இல்லை. உங்கள் கணக்குப் புத்தகத்தில் விடையை எழுதும்போது அலகையும் சேர்த்தெழுதுங்கள். அளந்த நேரத்தைக் குறியுங்கள். எதிலிருந்து அளந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். நாளை உங்களில் ஒருவர் நடுக்கடலில் ஒரு கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் அமரும்போதும், கருவிகளிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இவையேயாம்.